புரட்டாசியும் பிராயும்

(தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த் பகுதிக் கோயில் மண்டபத்தில் புரட்டாசிச் சனிக்கிழமை பூஜைக்குப் பிறகு பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். பின்வரிசையில் போனும் கையுமாக இருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம். இன்றைய பேச்சு உங்களுக்குத்தான்.

செப்டம்பர் 24 நம் நாட்டில் மரபு நாள், அரசு விடுமுறை. ஆனால் பாதி ஊருக்கு அது பிராய் நாள், அதாவது தணலில் கறி சுட்டுக் கூடிச் சாப்பிடும் நாள். 2007இல் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவே அதற்குப் புரவலராக இருந்து ஊக்கம் கொடுத்தார். புரட்டாசி பிறப்பதோ செப்டம்பர் 17 வாக்கில். ஆக எந்த வருஷம் பார்த்தாலும், நாடே அடுப்பு மூட்டிக் கறி சுடுகிற நாள் நம் விரத மாதத்துக்குள்தான் விழும். பெருமாள் வேண்டுமென்றே சோதிக்கிறாரோ என்னவோ!

ஆபீஸில் கூப்பிடுகிறார்கள். போகத்தான் வேண்டும். போய் என்ன சொல்வது? பிள்ளைகள் பலர் “வயிறு சரியில்லை”, “டாக்டர் கறி வேண்டாம்னுட்டார்” என்று சமாளிக்கிறார்கள். ஐப்பசி பிறந்ததும் அதே ஆட்களுக்கு எதிரே உட்கார்ந்து ரொட்டியைக் குடைந்து மட்டன் குழம்பை நிரப்பிய ‘பனி சௌ’வைப் பிய்த்துத் தின்றால், அந்த டாக்டர் என்ன ஆனார் என்று கேட்கமாட்டார்களா?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அது தலபுராணத்திலிருந்து தொடங்கும். தட்டில் இறைச்சியோடு நிற்பவரிடம் போய் ஜீவகாருண்யம் பேசினால், “நீ பாவி” என்பதுதான் அவர் காதில் விழும். பிறகு அவர் ஏன் நம் விரதத்தை மதிக்கப்போகிறார்?

அழைப்பு வந்த அன்றைக்கே சொல்லிவிடுங்கள். “இது எங்க விரத மாசம். கறி, மீன், முட்டை தொடமாட்டேன். கட்டாயம் வர்றேன், சோளம் கொண்டுவர்றேன்.” இவ்வளவு போதும். மேலே கேட்டால் மட்டும் மேலே சொல்லுங்கள்.

சோளம் என்றதும் ஒன்று. உரித்த கதிரை வெறுமனே கம்பிமேல் வைத்தால், பூர்வோர்ஸ் என்ற இறைச்சி சாசேஜைப் புரட்டிய இடுக்கிதான் அதையும் புரட்டும். அந்தக் கொழுப்பு ஒட்டிய பிறகு விரதமாவது ஒன்றாவது. அலுமினியத் தாளில் நன்றாகச் சுற்றி ஓரத்துத் தணலில் வையுங்கள். உங்கள் இடுக்கியை நீங்களே கொண்டுபோங்கள். உருளைக்கிழங்குக்கும் இதே கதைதான். பாப் என்ற மக்காச்சோளக் களி சாப்பிடலாம். அதோடு வரும் காரமான காய்கறித் தொடுகறி சக்கலக்காவில் கொத்துக்கறி போட்டிருக்கிறார்களா என்று சமைத்தவரிடம் மெல்லக் கேட்டுக்கொள்ளுங்கள். நெருப்பு மூட்டுவதற்கு முன்பே ஓர் ஓரம் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. பசியில் பத்துப் பேர் தட்டோடு நிற்கும்போது கேட்டால்தான் முகம் சுளிப்பார்கள்.

சரி, வெளியாரை விடுங்கள். நம் வீட்டில் என்ன நடக்கிறது? புரட்டாசி இருப்பவளை மெச்சுகிற நாம், அண்ணன் மகள் வீகன், பால் தயிர்கூடத் தொடமாட்டேன் என்று பாயசத்தை ஒதுக்கினால் சும்மா விடுகிறோமா? எங்கள் வீட்டில் அந்தப் பெண் சொன்னது ஒரே வரி: “எனக்கு வேண்டாம் அத்தே, நீங்க சாப்பிடுங்க.” அதற்குச் சுற்றி நின்றவர்கள் தொடுத்த கேள்விகள்! பாலில் எந்த உயிர் போகுது, தயிர் சாப்பிடாமல் எலும்பு என்னத்துக்காகும், யார் சொல்லிக்கொடுத்தது... எந்த பிராயிலும் நம்மை இப்படி யாரும் குடைந்ததில்லை.

1910இல் நண்பர் காலன்பாக் கொடுத்த நிலத்தில், இதே தென்னாப்பிரிக்காவில், காந்தி டால்ஸ்டாய் பண்ணையைத் தொடங்கியபோது இதே சிக்கல் வந்தது. சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே தங்கின. இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள், தமிழர்கள் நிறைய. இறைச்சி கேட்டால், மாட்டிறைச்சியே ஆனாலும், கொடுத்தாக வேண்டும் என்று முதலில் மனதைத் தயார்செய்துகொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். பிறகு அங்கிருந்த பெண்களிடம் போய், சைவச் சமையல் மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அவர்கள் சம்மதித்தார்கள். அவ்வளவு பிடிவாதக்காரர், கேட்டுத்தான் செய்தார் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கடைசியாக, கல்யாண வீட்டார் கொஞ்சம் கேளுங்கள். கோயில் மண்டபக் கல்யாணத்துக்கு இந்த மண்ணின் ஜூலு இன நண்பர்களை அழைக்கிறோம். அவர்கள் கல்யாணத்தில் மாடு அறுத்து ஊருக்கே போடுவார்கள். இங்கே காய்கறிப் பிரியாணியும் பருப்பும் வைத்தால், இறைச்சி பின்னால் வருமாக்கும் என்று அவர்கள் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். அந்தப் பந்தியில் விசித்திரமாகச் சாப்பிடுகிற ஆட்கள் நாம்தான். ஐப்பசிக் கல்யாணத்துக்கு அட்டை அச்சடிக்கக் கொடுப்பவர்கள், மண்டப முகவரிக்குக் கீழே ‘சைவ விருந்து’ என்று ஜூலு மொழியிலும் ஒரு வரி போடச் சொல்லுங்கள்.