படகைத் துளைக்காமல் ட்ரான்ஸ்டியூசர் பூட்டுவது எப்படி?

[திரையில்: முல்லைத்தீவுக் கரை. மணலில் ஏற்றிய பைபர் படகுகள். ஒரு படகின் பின்பலகை நெருக்கமாக.]

வணக்கம். ஒலியை அனுப்பி ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் பிஷ் பைண்டர் வாங்கினால், பெட்டிக்குள் அதன் ஒலி அனுப்பும் பகுதியான ட்ரான்ஸ்டியூசரைப் பூட்ட ஒரு சின்ன பிளாஸ்ரிக் பிடியும் வரும். அதை இஞ்சின் பூட்டும் பின்பலகையில் திருகாணி போட்டு இறுக்கச் சொல்லிக் கையேட்டில் படம் இருக்கும். துறைமுகத்தில் மிதந்தபடியே நிற்கும் படகுக்கு அது சரி. முல்லைத்தீவிலும் அளம்பிலிலும் எங்கள் படகுகள் தொழில் முடிந்ததும் மணலில் ஏறுகின்றன. அப்படி ஏற்றும்போது முதலில் மணலில் உரசப்போவது, அடிமட்டத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டு இருக்கிற அந்தச் சாமான்தான். போதாததற்குப் பின்பலகையில் போட்ட ஓட்டை வழியே சவர்த் தண்ணீர் உள்ளே இறங்கி, பைபருக்குள் இருக்கும் மரத்தைத் தின்னும்.

அதனால் இன்று ட்ரான்ஸ்டியூசரைப் படகின் பக்கத்தில் தாங்கும் ஒரு தூக்குக் கை செய்யப் போகிறோம். படகில் ஒரு ஓட்டையும் தேவையில்லை. கரைக்கு வரும்போது மேலே தூக்கலாம், வேண்டுமென்றால் கழற்றி வீட்டுக்கே கொண்டு போகலாம்.

செய்வதற்கு முன் ட்ரான்ஸ்டியூசர் என்ன செய்கிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரு பீங்கான் வில்லை இருக்கிறது. மின்சாரம் கொடுத்தால் அது அதிர்ந்து ஒலி எழுப்பும். அந்த ஒலி தரையில் பட்டுத் திரும்பி வந்து அதே வில்லையை அசைக்கும். கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் ஓடுகிறது. 10 பாகம், அதாவது ஏறத்தாழ 18 மீட்டர், தண்ணீரில் போய்த் திரும்ப நொடியின் நாற்பதில் ஒரு பங்கு நேரம் காணும். ஆனால் நடுவில் காற்றுக் குமிழி வந்தால் ஒலி அங்கேயே சிதறிவிடும், தரை வரைக்கும் போகாது. ட்ரான்ஸ்டியூசர் குமிழி இல்லாத இடத்தில், நிமிர்ந்து, ஆடாமல் நிற்க வேண்டும். பூட்டும் வேலை முழுக்க இதற்காகத்தான். விலை கூடிய கருவியைக் குமிழிக்குள் தொங்கவிட்டால் திரை வெறும் இரைச்சலாகத்தான் இருக்கும்.

[திரையில்: படகின் பக்கவிளிம்பு, நடுப்பகுதி. கையால் இடம் காட்டுதல்.]

இடம் இதுதான். நடுப்படகுக்குக் கொஞ்சம் பின்னால், வலை இழுக்காத பக்கம். இங்கே வைத்தால் இஞ்சின் விசிறி கிளப்பும் குமிழி எல்லாம் பின்னாலேயே போய்விடும். வலை இழுக்கிற பக்கத்தில் எக்காரணத்துக்கும் வைக்க வேண்டாம். நைலோன் வலை ஒருமுறை கொழுவினால் வலையும் போகும், தூக்குக் கையும் போகும்.

முதல் துண்டு, விளிம்பைக் கவ்வும் கட்டை. பாலை மரத்துண்டு கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. வன்னியில் தச்சுப் பட்டறைகளில் கழிவுத் துண்டாகவே கேட்டு வாங்கலாம். அதைக் கவிழ்த்த ‘ப’ வடிவில் வெட்டி விளிம்பின் மேல் உட்கார வைத்து, உள்பக்கம் பழைய ரியூப் ரப்பர் ஒட்டி, இரண்டு ஜி கிளாம்பால் இறுக்குங்கள். ரப்பர் இருந்தால் கட்டை வழுக்காது, இஞ்சின் அதிர்வும் குறையும்.

அடுத்தது கை. ஒன்றரை அங்குல அலுமினியக் குழாய் எடுத்திருக்கிறேன். எஸ்லோன் (பிவிசி) பைப்பில் செய்தவர்களும் இருக்கிறார்கள். குளத்துக்கு அது காணும், கடலில் வளையும். நீளத்தை மணலில் வைத்து அளக்காதீர்கள். படகு தண்ணீரில், வலையும் ஐஸ் பெட்டியும் ஏற்றிய நிலையில் விளிம்பிலிருந்து படகின் அடிமட்டம் வரை அளந்து, அதற்குக் கீழே நாலு விரல் கூட்டுங்கள். குறைந்தால் படகின் வயிறே ஒலியை மறைக்கும். கூடினால் தண்ணீர் தள்ளும் விசை கூடும்.

குழாயின் மேல்பகுதியைக் கட்டையின் வெளிப்பக்கத்தில் ஒரே ஒரு ஸ்ரெயின்லெஸ் போல்ட்டால் பூட்டுங்கள். அதில் கை பின்பக்கமாகச் சுழன்று மேலே வர வேண்டும். நட் கழராத வகையாக, உள்ளே நைலோன் வளையம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அலுமினியமும் ஸ்ரெயின்லெஸ்ஸும் உப்புத் தண்ணீரில் நேரே தொட்டால் அலுமினியம் அரித்துப்போகும். நடுவில் நைலோன் வாஷர் கட்டாயம்.

[திரையில்: கையின் கீழ்முனையிலிருந்து அணியத்துக்கு (படகின் முன்முனைக்கு) போகும் கயிறு. முடிச்சு நெருக்கமாக.]

இனி, என் பார்வையில் இந்த முழு அமைப்பிலும் முக்கியமான பகுதி. கையின் கீழ்முனையிலிருந்து அணியப்பக்கம், அதாவது படகின் முன்பக்கம், ஒரு கயிறு இழுத்துக் கட்டுகிறோம். தண்ணீர் கையைப் பின்னால் தள்ளும்போது பிடித்து வைப்பது இந்தக் கயிறுதான். ஆனால் முழுக்கக் கயிறாகக் கட்டாமல், நடுவில் ஒரு சாண் தூரம் மெல்லிய வலைநூல் போடுங்கள். கை கல்லில், மிதந்துவரும் மரத்தில், குளமென்றால் பட்ட அடிக்கட்டையில் மோதினால் நூல் அறுந்து கை பின்னால் மடங்கும். உடைவது ஐந்து சதம் பெறாத நூல், ட்ரான்ஸ்டியூசர் அல்ல. எத்தனை இழை வேண்டும் என்பதை ஓட்டிப் பாருங்கள். மெதுவான ஓட்டத்தில் தாங்க வேண்டும், கையால் உதறி இழுத்தால் அறுபட வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் தள்ளும் விசை நாலு மடங்காகும். ஆகவே பாட்டுக்கு, அதாவது மீன்பிடிக்கும் இடத்துக்கு, ஓடும்போது கையைத் தூக்கிக் கட்டுங்கள், மெதுவாகத் தேடும்போது மட்டும் இறக்குங்கள். இன்னொரு கயிறு தளர்வாகக் கைக்கும் படகுக்கும் இருக்கட்டும். கட்டையே கழன்றாலும் கருவி கடலுக்குள் போகாது.

கீழ்முனைக்குச் சமையலறையில் காய்கறி வெட்டும் தடித்த பிளாஸ்ரிக் பலகை போதும். தண்ணீர் குடிக்காது, உப்பில் உக்காது, கைவாளால் வெட்டலாம். அதைக் குழாயில் போல்ட் போட்டு, பெட்டியோடு வந்த பிடியை அதில் பூட்டுங்கள்.

முகம் நேரே கீழே பார்க்க வேண்டும். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். 10 பாகம் தண்ணீரில் 10 பாகை சரிந்தால் கருவி பார்க்கும் இடம் 3 மீட்டருக்கு மேல் தள்ளிப்போகிறது. 20 பாகை விரியும் ஒலிக்கூம்பு அந்த ஆழத்தில் ஆறரை மீட்டர் அகலம்தான் பார்க்கும், அப்படியென்றால் பாதி அகலம் தவறுகிறது. இரண்டு அலைவரிசை உள்ள கருவியில் கரையை அண்டிய தொழிலுக்கு 200 கிலோஹேர்ட்ஸ் வையுங்கள், பார் (கடலடிப் பாறைத் திட்டு) விளிம்பு வடிவாகத் தெரியும். 50 ஆழக்கடலுக்கு.

வயரை வெட்டி ஒட்ட வேண்டாம். நீளம் கூடினால் சுருட்டி இஞ்சின் வயரிலிருந்து தள்ளி வையுங்கள். சுழலும் போல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு முழம் தளர்வு விடுங்கள். கருவிக்கு மின்சாரம் பற்றரியிலிருந்து நேராக, பியூஸ் போட்டு.

நந்திக்கடல் மாதிரி ஆழம் குறைந்த களப்பில் மட்டும் தொழில் செய்பவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை, கோல் குத்தினால் தரை தெரியும்.

[திரையில்: ஈயக்குண்டு கட்டிய கயிறு, பாகத்துக்குப் பாகம் முடிச்சு.]

கடைசியாகச் சோதனை. அலகைப் பாகத்துக்கு மாற்றி, நங்கூரம் போட்டு, ஈயக்குண்டுக் கயிற்றை இறக்குங்கள். கயிறு தண்ணீர்மட்டத்திலிருந்து அளக்கிறது, திரை ட்ரான்ஸ்டியூசர் முகத்திலிருந்து அளக்கிறது. அந்த வித்தியாசத்தைக் கருவியின் அமைப்பில் ஆழத் திருத்தமாகக் கொடுங்கள். பிறகு இஞ்சினை நியூட்ரலில் இயக்குங்கள். உடனே திரையில் சாய்ந்த கோடுகள் வந்தால் அது மின்குழப்பம், வயரை இடம் மாற்றுங்கள். ஓடத் தொடங்கிய பிறகுதான் படம் மறைகிறது என்றால் குமிழி, கையை இரண்டு விரல் இறக்குங்கள்.