ஆணையைக் காட்டுங்கள்

அன்புத் தோழர்களே, வணக்கம்.

2019-20 குளிர்காலத்தில் காஷ்மீரில் ஓடிய ஒரு ரயிலை மக்கள் ‘இன்டர்நெட் எக்ஸ்பிரஸ்’ என்று அழைத்தார்கள். ஸ்ரீநகரில் ஏறி பனிஹாலில் இறங்க வேண்டும். பள்ளத்தாக்கில் இணையம் கிடையாது. மலையைக் குடைந்த சுரங்கப்பாதையைத் தாண்டினால் உண்டு. தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டிய பிள்ளைகளும் வேலை தேடும் இளைஞர்களும் அந்தக் குளிரில் நெரிசலில் நின்றுகொண்டே போனார்கள். பனிஹாலில் இருந்த சின்னச் சின்ன இணைய மையங்களில் மணிக்கு 300 ரூபாய் வரை வாங்கினார்கள். ஒரு விண்ணப்பத்தை அனுப்ப ஒரு நாள் போய்விடும். பயணமும் கட்டணமும் தனி.

காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்தை மத்திய அரசு நீக்கிய 2019 ஆகஸ்ட் 5-ஐ ஒட்டி, அங்கே செல்பேசி, தரைவழித் தொலைபேசி, இணையம் எல்லாமே நின்றன. 2020 ஜனவரியில் 2ஜி திரும்பியபோது, அரசு பட்டியலிட்ட 301 தளங்களை மட்டும் பார்க்கலாம் என்றார்கள். கொரோனா வந்தது. தீவிர சிகிச்சை வழிகாட்டி ஒன்று, 24 எம்.பி. கோப்பு, ஒரு மணி நேரம் ஆகியும் இறங்கவில்லை என்று ஸ்ரீநகர் மருத்துவர் ஒருவர் எழுதினார். 4ஜி முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரி 5-ல். பதினெட்டு மாதம்!

‘காஷ்மீர் டைம்ஸ்’ ஆசிரியர் அனுராதா பாசின் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கில் எனக்கு நெஞ்சில் தைத்த இடம் ஒன்று உண்டு. எந்த ஆணையின் பேரில் இணையத்தை நிறுத்தினார்களோ, அந்த ஆணைகள் எல்லாவற்றையும் அரசு நீதிமன்றத்தின் முன்கூட வைக்கவில்லை. 2020 ஜனவரி 10-ல் தீர்ப்பு வந்தது. காலவரையின்றி நிறுத்தக் கூடாது. ஆணையை வெளியிட்டே ஆக வேண்டும், அப்போதுதான் பாதிக்கப்பட்டவர் அதை எதிர்த்து வழக்குப் போட முடியும் என்றது நீதிமன்றம். இணைப்பைத் திருப்பிக் கொடு என்று மட்டும் அது உத்தரவிடவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இது எங்கோ வடக்கே நடந்த கதை என்று நினைக்காதீர்கள். 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டை எதிர்த்த மக்கள் மீது துப்பாக்கிச் சூடு. 13 பேர் உயிரிழந்தார்கள். மறுநாள் தூத்துக்குடியோடு நெல்லை, குமரி மாவட்டங்களிலும் இணையம் நிறுத்தப்பட்டது. வதந்தி பரவுகிறது என்று காரணம் சொன்னார்கள். மனு கொடுக்கப் போன மகன் வீடு திரும்பவில்லை என்றால் ஒரு தாய்க்கு என்ன தேவை? அவன் ஆஸ்பத்திரியில் இருக்கிறானா, ஸ்டேஷனில் இருக்கிறானா என்ற செய்திதானே? அது வரும் வழியை அடைத்துவிட்டு வதந்தியைத் தடுத்தோம் என்றால் எப்படி ஒப்புக்கொள்வது?

நாட்டில் எத்தனை முறை, எங்கெங்கே இணையம் நிறுத்தப்பட்டது என்ற கணக்கை மத்திய அரசு வைத்திருக்கவில்லை. இதை 2021 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழுவே தன் அறிக்கையில் குறை சொன்னது. கணக்கும் இல்லை, காகிதமும் வெளியே வராது என்றால் யாரைப் போய்க் கேட்பது?

ஆகவே நாம்தான் கேட்க வேண்டும். வாசலில் மேசை மீது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு மாதிரி வைத்திருக்கிறோம். தலைமைச் செயலகம், உள்துறைப் பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரி எழுதுங்கள். நம் மாநிலத்தில் இதுவரை பிறப்பித்த இணைய நிறுத்த ஆணைகள் அத்தனைக்கும் நகல் கேளுங்கள். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். பேனாவும் அங்கேயே இருக்கிறது.