தங்கமான மனுஷர், அப்புறம்?

வணக்கம் நேயர்களே. குடும்பத்தில் பெரியவர் ஒருவர் காலமாகிவிட்டார், நல்ல உழைப்பாளி, கையில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடுகிறவர், வீட்டு ஆட்கள் மேல் உயிரையே வைத்திருந்தவர். அவரைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கள் என்று உங்களைக் கூப்பிட்டால் பேச்சு தானாக வந்துவிடும் என்றுதான் தோன்றும். வராது. தங்கமான மனுஷர், யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை, ஓடி ஓடி உழைத்தார் என்று மூன்று வாக்கியம் சொன்னதும் நாக்கு நின்றுவிடும். எல்லாரும் தலையாட்டுவார்கள், சரிதான். ஆனால் பேரை மட்டும் மாற்றினால் அதே மூன்று வாக்கியம் அடுத்த கூட்டத்துக்கும் ஆகும்.

நல்லவர்களிடம் இருக்கிற சங்கடமே இதுதான். அவர்கள் செய்ததெல்லாம் தினமும் செய்தது. விடியுமுன் எழுந்து வேலைக்குப் போனது ஒரே ஒரு நாள் நடந்திருந்தால் கதையாகச் சொல்லியிருப்போம், வாழ்நாள் முழுக்க நடந்ததால் கண்ணிலேயே படவில்லை.

போதாததற்கு நம் ஞாபகமும் ஒரு வேலை செய்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட், வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் கதை ஒன்றை இங்கிலாந்துக்காரர்களிடம் படிக்கக் கொடுத்து, கொஞ்ச நேரம் கழித்தும், பிறகு நாள், மாதக் கணக்கில் இடைவெளி விட்டும், நினைவிலிருந்து எழுதச் சொன்னார். 1932இல் அதை வெளியிட்டார். எழுத எழுதக் கதை சுருங்கியது, அவர்களுக்குப் புரியாத விநோதமான பகுதிகள் உதிர்ந்தன, மிச்சம் இருந்தது அவர்களுக்குப் பழக்கமான கதை மாதிரி ஆகிவிட்டது. யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை, ஒவ்வொரு தடவையும் ஞாபகம் கதையைப் புதிதாகக் கட்டியது, அவ்வளவுதான். இறந்துபோனவரைப் பற்றி வீட்டில் திரும்பத் திரும்பப் பேசும்போதும் இதே கதைதான் என்பது என் எண்ணம். அவருக்கே உரிய கோணல் எல்லாம் முதலில் போகும், கடைசியில் மிஞ்சுவது தங்கமான மனுஷர்.

அதனால் சீக்கிரமே நாலு பேரைத் தனித்தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். கூட்டாகக் கேட்டால் முதலில் பேசியவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள். "எப்படிப்பட்டவர்" என்று கேட்கவே கேட்காதீர்கள், பதில் தெரிந்ததுதான். எதற்குக் கோபப்படுவார், எதில் கஞ்சத்தனம் என்று கேளுங்கள். தாராளமான ஆளுக்கும் ஏதாவது ஒன்றில் கை சுருங்கும். என் அப்பாவிடம் பணம் கேட்டால் கொடுத்துவிடுவார், பேனா கேட்டால் முகம் மாறிவிடும், கொடுத்தாலும் மூடியைத் தன் கையிலேயே வைத்துக்கொள்வார். பேனாவோடு யாரும் நகர்ந்துவிடக் கூடாதாம்!

உழைப்பைப் பற்றி வீட்டில் கேட்டுப் பயனில்லை. வீட்டுக்குத் தெரிந்தவர் வேலை முடிந்து வந்த ஆள், நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறவர். வேலை செய்யும்போது அவர் எப்படி என்று கூட வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தார், யாரோடு சண்டை போட்டார், என்ன சொன்னாலும் செய்யமாட்டேன் என்று நின்றது எதற்கு, இதெல்லாம் அங்கேதான் கிடைக்கும். வீட்டில் வாயே திறக்காதவர் வேலை இடத்தில் எல்லாரையும் சிரிக்க வைத்தவராக இருப்பார், பிள்ளைகளுக்கு அது ஆச்சரியமாகவும் இருக்கும், கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும்.

கொடைக்கு வருகிறேன், இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. மறைவாகக் கொடுத்தவருடைய கணக்கு வாங்கியவர்களிடம்தான் இருக்கும். அவர் போன பிறகு, படிப்புக்குப் பணம் கட்டினார், ஆஸ்பத்திரியில் கூட நின்றார் என்று முன்பின் தெரியாத முகங்கள் வந்து சொல்லும். கேட்டுக்கொள்ளுங்கள், எழுதியும் வையுங்கள், ஆனால் அந்தப் பெயர்களை மேடையில் சொல்லாதீர்கள். அவர் யாருக்கும் தெரியாமல் கொடுத்ததை நாம் மைக்கில் போட்டு உடைக்கக் கூடாது.

இன்னொரு பக்கமும் உண்டு. அது வீட்டுப் பணம். அப்பா யாருக்கோ கொடுத்துவிட்டு நிம்மதியாக வந்து உட்காருவார், அந்த மாதம் எந்தச் செலவைத் தள்ளிப்போடுவது என்று கணக்குப் போட்டது அம்மா. அவர் நேரத்தைக் கொடுத்தால் அது பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமை. இதைச் சொன்னால் அவர் பெருமை குறைந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொடுத்த கைகள் வீட்டில் இரண்டு பேருடையவை, ஒருவருக்குத்தான் பேர் கிடைத்தது. எங்கள் அம்மாவிடம் கேட்டேன். திட்டத் தொடங்கினார், நடுவில் சிரித்துவிட்டார், அப்புறம் திரும்பவும் திட்டினார். அப்பாவைப் பற்றி நான் கேட்டதிலேயே நல்ல பேச்சு அதுதான்.

நடந்தது நடந்துவிட்டது, மறந்துவிட்டு வேலையைப் பார் என்று சொல்கிறவர்களும் வருவார்கள். இறந்தவரோடு உள்ள பற்றை விட்டால்தான் துக்கம் ஆறும் என்று உளவியலிலும் ரொம்ப நாள் பேசப்பட்டதுதான். 1996இல் டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் என்ற மூவர் அதற்கு மாறாக, இறந்தவரோடு உறவு வேறு வடிவில் தொடர்வது இயல்புதான் என்று எடுத்துச் சொன்னார்கள். ஒரு முடிவெடுக்கும்போது அப்பா இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று மனசுக்குள் கேட்டுக்கொள்கிறோமே, அதுவும் அந்த உறவில் சேர்ந்ததுதான். அப்படிக் கேட்கும்போது, தங்கமான மனுஷர் என்ற படத்திடமிருந்து பதில் வராது. பேனா மூடியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆளிடம் கேட்டால் வரும், சில நேரம் திட்டும் வரும்.

ஒரு சின்ன வேலை சொல்லி முடிக்கிறேன். அவர் குரல் உள்ள பதிவு ஏதாவது உங்கள் போனில் இருக்கும், சாவியை எங்கே வைத்தாய் என்று கேட்ட வாய்ஸ் மெசேஜாகக்கூட இருக்கலாம். போன் மாற்றும்போது காணாமல் போவது இந்த மாதிரிப் பதிவுகள்தான். இன்றைக்கே அதற்கு இன்னொரு பிரதி எடுத்து, வீட்டில் இன்னும் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். நன்றி, வணக்கம்.