இருட்டில் பதுங்கிக் கொல்லும் விளையாட்டில் அப்படி என்ன இருக்கிறது?

வணக்கம். இந்த வாரம் திருமங்கலத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அவர் எழுதியதை அப்படியே வாசிக்கிறேன். "என் தம்பிக்கு 20 வயது. கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். இரவில் எல்லோரும் படுத்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, 'மேன்ஹன்ட்' என்ற பழைய விளையாட்டைக் கணினியில் ஆடுகிறான். ஒரு நாள் பின்னால் நின்று பார்த்தேன். இருட்டில் ஒளிந்திருந்து, அந்தப் பக்கம் வருகிறவன் தலையில் பிளாஸ்டிக் பையை மாட்டி, மூச்சைத் திணறடித்துக் கொல்கிறான். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. நேரில் ஒரு கோழி அறுப்பதைக்கூடப் பார்க்க மாட்டாதவன் அவன். இதில் அப்படி என்ன இருக்கிறது? அவன் மனம் கெட்டுக்கொண்டிருக்கிறதா?"

சகோதரி, உங்களுக்குக் குமட்டியதில் தவறே இல்லை. பார்க்கிறவருக்குக் குமட்ட வேண்டும் என்றே அந்தக் காட்சியை அமைத்திருக்கிறார்கள். உங்கள் இரண்டு கேள்விகளில் முதல் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன். அது விளங்கிவிட்டால் இரண்டாவதற்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

நான் செல்லூரில் சில ஆண்டுகள் பிளேஸ்டேஷன் 2 என்ற விளையாட்டுக் கருவியை வைத்து, மணிக்கணக்குக்கு வாடகை வாங்கி ஒரு சிறிய கேம் கடை நடத்தியவன். இந்த விளையாட்டைப் பலர் ஆடுவதை அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன், நானும் முழுவதும் ஆடி முடித்திருக்கிறேன். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தில் இருக்கும் ராக்ஸ்டார் நார்த் நிறுவனம் உருவாக்கிய இது 2003 நவம்பரில் வெளிவந்தது. கதை இதுதான். ஜேம்ஸ் ஏர்ல் கேஷ் என்ற மரண தண்டனைக் கைதி விஷ ஊசி போடப்பட்டு இறந்துவிட்டதாக உலகம் நம்புகிறது. ஆனால் அவன் கார்சர் சிட்டி என்ற பாழடைந்த நகரத்தில் கண் விழிக்கிறான். அவன் காதில் ஒரு கருவி மாட்டப்பட்டிருக்கிறது. அதன் வழியே ஒருவன் பேசுகிறான். தெருக்களில் கேமராக்களைப் பொருத்தி, கேஷ் செய்யும் கொலைகளைப் படமாக்கி விற்கிறவன் அவன். தன்னை டைரக்டர் என்று சொல்லிக்கொள்கிறான். கேஷை வேட்டையாட வெவ்வேறு கும்பல்கள் அலைகின்றன. விளையாட்டின் 20 கட்டங்களுக்கும் 'காட்சி' என்றே பெயர்.

கேஷ் பலசாலி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நேருக்கு நேர் இரண்டு மூன்று பேரிடம் மாட்டிக்கொண்டால் பெரும்பாலும் செத்துவிடுவான். அவனுக்கு இருக்கிற ஒரே அரண் இருட்டு. நிழலுக்குள் போய் அசையாமல் நின்றுவிட்டால், திரையின் மூலையில் உள்ள சிறிய மனித உருவம் நீல நிறமாக மாறும். அதற்குப் பிறகு வேட்டையாடுகிறவன் ஒரு முழ தூரத்தில் வந்து நின்று உற்றுப் பார்த்தாலும், நாம் உள்ளே நுழைந்ததை அவன் கண்டிருக்காதவரை, அவனால் நம்மைக் காண முடியாது. ஓடினால் சத்தம் கேட்கும், சரளைக்கல்லில் நடந்தால் கூடுதலாகக் கேட்கும். சுவரைத் தட்டியோ பாட்டிலை எறிந்தோ அவனை நம் பக்கம் இழுக்கலாம். பிறகு காத்திருக்க வேண்டும். ஆட்டத்தின் பெரும்பகுதி இந்தக் காத்திருப்பில்தான் கழிகிறது. நீங்கள் பார்த்த கொலை சில நொடிகளில் முடிந்துவிடும். அதற்கு முன்னால் உங்கள் தம்பி பத்து நிமிடம் ஒரு மூலையில் நின்று, காலடி ஓசையை எண்ணிக்கொண்டிருந்திருப்பான்.

கடையில் நான் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். மெக்கானிக் வேலை பார்த்த ஓர் இளைஞர், வேலை முடிந்து கையில் கிரீஸ் வாசனையோடு வந்து இதை ஆடுவார். ஒரு நாள் திரையில் வேட்டைக்காரன் ஒருவன் முணுமுணுத்துக்கொண்டே அவர் ஒளிந்திருந்த மூலைக்கு வந்தான். பெஞ்சின் அடியில் அந்த இளைஞரின் கால்கள் மெல்ல, ஒன்றன்பின் ஒன்றாக, செருப்பைக் கழற்றின. தன் செருப்புச் சத்தம் திரைக்குள் இருப்பவனுக்குக் கேட்டுவிடும் என்பதைப் போல. அவர் அதை உணர்ந்து செய்யவில்லை. பின்னால் நின்ற நான்கு பேரும் மூச்சு விடவில்லை. அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. கடை முழுவதும் இருட்டு. சாதாரணமாக மின்சாரம் போனால் கூச்சல் போடுகிற பையன்கள், அன்று சில நொடிகள் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நின்றார்கள்.

எனக்கு அப்போது சோழவந்தான் நினைவுக்கு வந்தது. நான் பிறந்த ஊர் அது. வெற்றிலைக் கொடிக்காலுக்குள் அகத்தி மரங்களின் நிழல் பகலிலேயே கப்பென்று கவிந்திருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பெரியவர்கள் இல்லாத நேரம் பார்த்து அதற்குள் ஒளிந்து விளையாடுவோம். தேடுகிறவன் இரண்டு வரிசை தள்ளி நடந்துவரும்போது, நம் நெஞ்சு அடித்துக்கொள்வது நம் காதுக்கே கேட்கும். அவன் கடந்து போய்விட்டால் வருகிற நிம்மதிக்கு ஈடாக வேறொன்றை அந்த வயதில் நான் அறிந்ததில்லை. உடம்பு உண்மையான ஆபத்துக்குத் தயாராகிறது, ரத்தத்தில் அட்ரினலின் ஏறுகிறது, பிறகு ஆபத்து இல்லை என்று தெரிந்ததும் அந்தப் படபடப்பே மகிழ்ச்சியாக மாறிவிடுகிறது. ஒளிந்துபிடித்து ஆடிய ஒவ்வொருவருக்கும் இந்தச் சுவை தெரியும். மேன்ஹன்ட் விளையாட்டின் ஈர்ப்பில் பெரும்பங்கு இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் தொல்காப்பியம் மெய்ப்பாடுகளில், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளில், அச்சத்தையும் ஒன்றாக வைத்து, அது நான்கு இடங்களிலிருந்து பிறக்கும் என்கிறது: அணங்கு (பேய் போன்று வருத்தும் சக்தி), விலங்கு, கள்வர், தம் இறை (தம்மை ஆள்கிறவன்). பள்ளியில் மனப்பாடம் செய்தபோது முதல் மூன்றும் எனக்கு எளிதில் விளங்கின. நான்காவது விளங்கவில்லை. நம்மை ஆள்கிறவனுக்கு நாம் ஏன் அஞ்ச வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். இந்த விளையாட்டை ஆடியபோதுதான் அது எனக்குப் பிடிபட்டது. இதில் கள்வரைப் போன்ற கும்பல்கள் இருக்கின்றன. பன்றித் தலையை மாட்டிக்கொண்டு, சங்கிலி ரம்பத்தோடு அலைகிற ஒருவனும் கடைசியில் வருகிறான். அவனை விலங்கென்பதா அணங்கென்பதா என்று தெரியவில்லை. ஆனால் ஆடி முடித்த பிறகு நம்மோடு தங்குவது அவர்கள் யாரும் இல்லை, காதுக்குள் பேசிய அந்தக் குரல்தான்.

இங்கேதான் இந்த விளையாட்டு சாதாரண ஒளிந்துபிடித்தலிலிருந்து விலகிப் போகிறது. எதிரியின் பின்னால் போய் நின்று பொத்தானை அழுத்திப் பிடித்தால், முதலில் வெள்ளைக் குறி தோன்றும். அப்போதே விட்டால் கொலை சட்டென்று முடிந்துவிடும். அழுத்திக்கொண்டே அவன் பின்னால் நடந்தால் குறி மஞ்சளாகும், இன்னும் பொறுத்தால் சிவப்பாகும். சிவப்பில் நடப்பது மிகக் கொடூரமானது. அது பழைய வீடியோ கேமராவில் பதிவானது போலக் கரகரப்பான படமாகக் காட்டப்படுகிறது. வழியைக் கடக்க வெள்ளையே போதும். சிவப்புவரை காத்திருந்தால் அவன் திரும்பிப் பார்த்துவிடும் ஆபத்து கூடும். இருந்தும் ஆடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள், நானும் காத்திருந்தேன். காட்சியின் முடிவில் கூடுதல் நட்சத்திரம் கிடைக்கிறது, காதில் டைரக்டர் மெச்சிக்கொள்கிறான். தேவைக்கு மேலான கொடுமையை என்னைக் கேட்டுத்தான் செய்ய வைத்தார்கள், நானும் செய்தேன் என்பது மூன்றாவது நாளோ நான்காவது நாளோதான் எனக்கு உறைத்தது. டைரக்டர் சொன்னபடியெல்லாம் கேட்ட பிறகு, கேஷ் தன் குடும்பத்தாரைப் பணயப் பிடியிலிருந்து மீட்கிறான். ஆனால் பிறகு அவர்களைக் கொன்ற வீடியோ அவனுக்கே காட்டப்படுகிறது. கீழ்ப்படிந்ததற்குக் கிடைத்த கூலி அதுதான். ஆணையிடுகிற இறைக்கு ஏன் அஞ்ச வேண்டும் என்ற என் பள்ளிக்காலக் கேள்விக்கு, அந்த இடத்தில்தான் பதில் கிடைத்தது.

கொலையைக் காட்டும் விளையாட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இதைப் போல ஆடுகிறவனின் கையையே சாட்சியாக்குகிறவை மிகக் குறைவு. உருவாக்கிய நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்த ஒருவரே, இந்த விளையாட்டினால் அங்கே கலகம் வெடிக்கும் நிலை வந்தது என்று பின்னாளில் எழுதினார். நியூசிலாந்து 2003 டிசம்பரிலேயே தடை விதித்தது. ஆஸ்திரேலியா முதலில் அனுமதித்து, 2004-இல் திரும்பப் பெற்றது. இதன் இரண்டாம் பாகத்துக்கு 2007-இல் பிரிட்டனின் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தது, திருத்தியமைத்த வடிவத்துக்கு 2008-இல்தான், 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும் என்று, அனுமதி கிடைத்தது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. 2004-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் ஒரு சிறுவன் கொல்லப்பட்டபோது, இந்த விளையாட்டுதான் காரணம் என்று செய்தித்தாள்கள் எழுதின. காவல்துறை அதை ஏற்கவில்லை. நோக்கம் கொள்ளை என்றது. அந்த விளையாட்டின் குறுந்தட்டு கண்டெடுக்கப்பட்டதும் கொல்லப்பட்ட சிறுவனின் அறையில்தான். எனவே இதை ஆடுகிறவன் கொலைகாரனாகிவிடுவான் என்று நான் சொல்ல மாட்டேன். என் கடையில் ஆடியவர்கள் இன்று ஆட்டோ ஓட்டுகிறார்கள், கடை வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். 20 வயதான உங்கள் தம்பி அச்சத்தையும் இளிவரல் எனும் அருவருப்பையும் தேடிப் போய்ச் சுவைக்கிறான் என்பதைக் கொண்டு அவன் மனம் கெட்டதாக முடிவு கட்டாதீர்கள்.

ஆனால் வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு ஆடுவதே சரி. இதை நான் தவறு செய்து கற்றுக்கொண்டேன். எட்டாம் வகுப்புப் படித்த ஒரு பையன் கடையில் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பதை நான் கண்டும் காணாமல் இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு பல நாட்கள் அவன் வீட்டு முடுக்கில் இரவில் தனியாக நடக்க மறுத்திருக்கிறான். ஒரு மாலை அவன் தகப்பனார் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "நீங்களாவது சொல்லியிருக்கலாமே அண்ணே" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அன்றே அந்த விளையாட்டின் குறுந்தட்டைப் பூட்டிய மேசைக்குள் வைத்து, அந்த டிவியை உள்ளறைக்கு மாற்றித் திரை போட்டேன். பெரியவர்கள் கேட்டால் மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.

உங்களுக்கு ஒரே ஒரு யோசனை சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தம்பியின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் வைத்து ஆடச் சொல்லுங்கள். அந்த டைரக்டரின் குரல் இதுவரை அவன் ஒருவன் காதுக்குள் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அன்று அக்காவின் காதிலும் அது விழும். அவன் எதிரியின் பின்னால் போய் நிற்கும்போது குறியின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளையில் முடிக்கிறானா, சிவப்புவரை பொறுக்கிறானா என்று பார்த்து, "எதுக்குடா இவ்வளவு நேரம் காத்திருந்த?" என்று கோபமில்லாமல் கேளுங்கள். அவன் சொல்கிற பதிலை எனக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் அதிலிருந்து தொடர்கிறேன்.