வசனம் போனால் நாடகம் போய்விடுமா?

நடுவர் அவர்களே, வணக்கம். நாடகத்தின் வசனத்தை எடுத்துவிட்டுப் படம் பிடிப்பது, மூலவரை எடுத்துவிட்டுக் கோயிலைச் சுற்றிக் காட்டுவது போல என்றார் எதிரணி ஐயா. மயிலாப்பூர்க்காரர்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். உவமை நன்றாக இருந்தது; வழக்குத்தான் நிற்கவில்லை.

1957இல் ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா, அரசனைக் கொன்று அரியணை ஏறும் தளபதியின் கதையான ஷேக்ஸ்பியரின் ‘மாக்பெத்’ நாடகத்தை ‘த்ரோன் ஆஃப் பிளட்’ என்று எடுத்தார். ஸ்காட்லாந்து இல்லை, போர்க்கால ஜப்பான். ஷேக்ஸ்பியரின் வரி ஒன்றுகூட இல்லை. கொலை நடக்கப்போகும் இரவு. காவலர்களுக்குக் கொடுக்க, மருந்து கலந்த மதுவை எடுத்துவரத் தளபதியின் மனைவி எழுந்து போகிறாள். ஜப்பானின் மரபு நாடகமான ‘நோ’வின் முகமூடி போல முகம் அசையவே இல்லை. கதவுக்கு அப்பால் இருள், அவளை விழுங்கிவிடுகிறது. திரையில் யாருமில்லை. பட்டாடை தரையில் உரசும் சரசரப்பு மட்டும் கேட்கிறது. பிறகு ஜாடியோடு அதே இருளிலிருந்து வருகிறாள். ஐயா, கருவறையும் இருட்டாகத்தானே இருக்கும்?

முடிவையும் மாற்றினார். நாடகத்தில் மாக்பெத்தை எதிரியான மாக்டஃப் கொல்கிறான். படத்தில் சொந்த வீரர்களே அம்பு மழையால் துளைக்கிறார்கள். தேர்ந்த வில்லாளிகளைக் கொண்டு நிஜ அம்புகளையே எய்ய வைத்தாராம். நாயகனாக நடித்த தோஷிரோ மிஃபுனேயின் கண்ணில் தெரியும் அந்தப் பயத்துக்கு ஒத்திகை தேவைப்பட்டிருக்காது!

அதே நாடகத்தை இந்தி இயக்குநர் விஷால் பரத்வாஜ் 2003இல் ‘மக்பூல்’ ஆக்கினார். காடு நடந்து வந்தால்தான் மாக்பெத்துக்குத் தோல்வி என்பது நாடகத்தில் வரும் ஆரூடம். மும்பையில் காடு எங்கே நடந்து வரும்? கடல் வீட்டுக்கு வரும் என்று வைத்தார். ஆரூடம் சொல்லும் சூனியக்காரிகளுக்குப் பதில் ஜாதகக் கட்டம் போடும் இரண்டு போலீஸ்காரர்கள். சிரிப்பு வரும், கூடவே வயிற்றைக் கலக்கும்.

1891இல் இந்தச் சென்னையில் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியாரை மரபுக்குச் சாட்சியாக அழைத்தது எதிரணி. அழைக்கட்டும். வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்தவர், குறுக்கு விசாரணைக்கு அஞ்சமாட்டார். ஹாம்லெட்டை அமலாதித்யன் ஆக்கியது யார்? மாக்பெத்தை மகபதி ஆக்கியது யார்? கதையை ஒட்டியே போனார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டென்மார்க் இளவரசன் ஹாம்லெட் தமிழ்ப் பார்வையாளர் முன் எந்தப் பெயரில் நிற்க வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்தார்.

போகட்டும், மூலம் மூலம் என்கிறார்களே, ஷேக்ஸ்பியருக்கு மூலம் ஹாலின்ஷெட்டின் சரித்திர நூல். அதில் மாக்பெத்தின் தோழன் பாங்கோ, அரசனின் கொலைக்கு உடந்தை. நாடகத்தில் அவன் நல்லவன். இந்த மாற்றத்துக்கு எதிரணி எந்தக் கோர்ட்டில் வழக்குப் போடப் போகிறது? மணி அடித்துவிட்டீர்கள், பதிலை அவர்களே சொல்லட்டும். நன்றி.