தலையில் அடி: எல்லோருக்கும் சிடி ஸ்கேன் தேவையா?

(திரையில்: மூளையின் சிடி படம் ஒன்று)

மண்டை ஓட்டை ஒட்டி, லென்ஸ் மாதிரி இரு பக்கமும் உப்பிய ஒரு வெள்ளைத் திட்டு தெரிகிறதா? அது ரத்தம். காதுக்கு மேலே எலும்பில் விரிசல் விழுந்து, உள்ளே ஓடும் தமனி கிழிந்தால் இப்படித் தேங்கும். அடிபட்டவர் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். சில மணி நேரத்தில் மயங்கிச் சரிந்துவிடுவார். அதற்குள் கண்டுபிடித்து அறுவை சிகிச்சை செய்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

1971 அக்டோபர் 1 அன்று லண்டன் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு மூளை சிடி எடுத்தார்கள். அதற்கு முன், கழுத்து ரத்தக் குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, மூளைக் குழாய்கள் இடம் விலகியிருப்பதை வைத்துத்தான் ரத்தக் கட்டை ஊகித்தார்கள். இன்று படம் எடுக்கச் சில வினாடி போதும்.

சரி, அப்படியென்றால் தலையில் அடிபட்ட எல்லோருக்கும் எடுத்துவிடலாமே?

இந்தக் கேள்வியைக் கனடா மருத்துவர்கள் முறையாக ஆராய்ந்தார்கள். 10 மருத்துவமனைகள், லேசான தலைக்காயத்தோடு வந்த 3,121 பெரியவர்கள். யாருக்கு சிடி தேவை என்று அவர்கள் வகுத்த விதி 2001இல் வெளியானது. அதை இன்றும் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். அடிபட்டபோது நினைவு தப்பியவர், நடந்தது மறந்துபோனவர், குழம்பிப் பேசியவர் ஆகியோருக்கான விதி இது.

(திரையில்: காதின் பின்புறம், நெருக்கத்தில்)

இரண்டு மணி நேரம் ஆகியும் தெளிவு முழுதாகத் திரும்பவில்லை. இரண்டு தடவை அல்லது அதற்கு மேல் வாந்தி. வயது 65 அல்லது அதற்கு மேல். மண்டை எலும்பு உடைந்த சந்தேகம். இதில் ஒன்று இருந்தாலும் சிடி. மண்டை ஓட்டின் அடிப்பகுதி உடைந்திருந்தால் காதுக்குப் பின்னால் கன்றிப்போகும், கண்ணைச் சுற்றிக் கறுக்கும், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடியும். டாக்டர் காது மடலை மடக்கிப் பார்ப்பது இதற்காகத்தான். வாகனம் மோதித் தூக்கி வீசப்பட்டவருக்கும் எடுப்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்த விதிக்குள் வரமாட்டார்கள்; இதை வைத்து அவர்களுக்கு ஸ்கேன் வேண்டாம் என்று முடிவு செய்ய முடியாது. அதனால் மாத்திரைச் சீட்டை முதலிலேயே காட்டிவிடுங்கள்.

குழந்தைகள் விஷயம் வேறு. தலை சிடி ஒன்றின் கதிர்வீச்சு ஏறக்குறைய 2 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்தே ஓராண்டில் உலக சராசரியாக 2.4 வருகிறது. பெரியவருக்கு இது பெரிய கவலையில்லை. ஆனால் வளரும் உடம்பு கதிர்வீச்சுக்கு எளிதில் பாதிக்கப்படும். பின்னாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு சிறிதளவு கூடும். 42,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்து 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வு, யாருக்கு ஸ்கேன் இல்லாமலே இருக்கலாம் என்று காட்டியது. இரண்டு வயது தாண்டிய பிள்ளை மயங்கவில்லை, வாந்தியில்லை, கடுமையான தலைவலியில்லை, தெளிவாக இருக்கிறது, மண்டை உடைந்த அறிகுறியில்லை, பெரிய விபத்துமில்லை என்றால் சிடி தேவைப்படாது. நடுத்தரமான சந்தேகம் என்றால், சில மணி நேரம் படுக்க வைத்துக் கவனிப்பதே பெரும்பாலும் போதும்.

"ஸ்கேன்கூட எடுக்காமல் உட்கார வைத்திருக்கிறார்களே" என்று பெற்றோர் பதறுவது எனக்குப் புரிகிறது. அந்தக் கவனிப்பும் பரிசோதனைதான். ஒவ்வொரு முறையும் கண்மணியில் டார்ச் அடித்துப் பார்த்து, பேசவைத்து, கை கால் அசைவைக் குறித்துக்கொள்கிறார்கள். மாற்றம் தெரிந்தால் அப்போதே சிடி.

அப்புறம், வீட்டுக்கு அனுப்பிவிட்டால் பிள்ளையைத் தூங்கவிடாமல் வைத்திருக்க வேண்டியதில்லை. தூங்கட்டும். எழுப்பினால் எழாவிட்டால், வாந்தி தொடர்ந்தால், தலைவலி ஏறிக்கொண்டே போனால், வலிப்பு வந்தால், காலையில் எழுந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காமல் உடனே கேஷுவாலிட்டிக்குத் திரும்புங்கள்.