எண்டோமென்ட்: முதல் கரையாத நிதி

[திரையில்: ஹார்வர்டு பல்கலைக்கழக வளாகம்]

வணக்கம். ஹார்வர்டில் தமிழ் இருக்கை அமைப்பதற்கு 60 லட்சம் டாலர் தேவைப்பட்டது. இரு மருத்துவர்கள் தலா 5 லட்சம் டாலர் அளித்துத் தொடங்கிய அம்முயற்சிக்குத் தமிழக அரசு 10 கோடி ரூபாய் வழங்கியது. உலகெங்குமுள்ள தமிழர்களின் நன்கொடையும் சேர, 2018-இல் இலக்கு எட்டப்பட்டது. ஒரு பேராசிரியர் பணியிடத்துக்கு இத்தனை பெரிய தொகை எதற்கு?

அது 'எண்டோமென்ட்' என்பதுதான் காரணம். முதலைத் தொடாமல் முதலீடு செய்துவைத்து, அதிலிருந்து கிடைக்கும் வருவாயை மட்டும் குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்காக ஆண்டுதோறும் செலவிட வேண்டும் என்ற நிபந்தனையுடன் அளிக்கப்படும் நிதியே எண்டோமென்ட். ஆண்டுக்கு 5 விழுக்காடு எடுப்பதாக வைத்துக்கொண்டால், 60 லட்சத்திலிருந்து கிடைப்பது 3 லட்சம் டாலர். அதற்கு மேல் வரும் வருவாய் முதலோடு சேர்க்கப்படுவதால், விலைவாசி ஏறினாலும் நிதி தேய்வதில்லை.

[திரையில்: தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு]

இந்த ஏற்பாடு நமக்குப் புதிதன்று. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு அணையாமல் எரிவதற்காகச் சோழர் காலத்தில் 96 ஆடுகளைக் கொடையாக விட்டார்கள். ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இறந்த ஆட்டின் இடத்தைக் குட்டி நிரப்புவதால், மந்தையின் எண்ணிக்கை குறையாது. கல்வெட்டுகள் இவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்கின்றன. எண்டோமென்டின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது என்றே நான் கருதுகிறேன்.

இன்றைய வழக்கில், கல்லூரி அழைப்பிதழ்களில் நாம் காணும் 'அறக்கட்டளைச் சொற்பொழிவு' என்பது எண்டோமென்ட் சொற்பொழிவே. ஒரு திட்டத்துக்காகப் பெற்று, அது முடிவதற்குள் செலவிட்டுத் தீர்க்கும் நல்கையை, அதாவது கிரான்டை, எண்டோமென்ட் என்று குறிப்பிடுவது பிழை. ஆயுள் காப்பீட்டில் வரும் எண்டோமென்ட் பாலிசி வேறு. அது குறித்த காலம் முடிந்ததும் முதிர்வுத் தொகை தரும் திட்டம்.

ஹார்வர்டின் எண்டோமென்ட் 5,000 கோடி டாலரைத் தாண்டும். அவ்வளவு பணத்தை வைத்துக்கொண்டு அப்பல்கலைக்கழகம் ஏன் சிக்கனம் பேசுகிறது என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. அத்தொகை ஒரே கணக்கில் கிடப்பதன்று. ஆயிரக்கணக்கான தனித்தனி நிதிகளின் கூட்டுத்தொகை. அவற்றுள் பெரும்பாலானவை கொடையாளரின் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவை என்பதால், புற்றுநோய் ஆய்வுக்கென்று எழுதிவைக்கப்பட்ட நிதியின் வருவாயைக் கொண்டு நூலகத்தின் கூரையைச் செப்பனிட முடியாது.